லுத்விக்கின் பை

வூச் நகரத்துப் பழைய நூலாலையில்
நாலாம் மாடி எங்களுடையது.
இழப்பீட்டுப் பிரிவு.
மின்தூக்கி பழுதான அதே வாரம்
கான்டீனையும் மூடிவிட்டார்கள்.

எட்டு நிமிட நடைக்குள்
எத்தனை கடையோ அத்தனையும் பார்த்துவிடுவோம்,
திங்களுக்கு ஒன்று என்றாள் யகோதா.
ரெமி பழைய நாட்காட்டியின் முதுகில் கட்டம் போட்டான்:
சுவைக்குப் பத்து, சூட்டுக்குப் பத்து,
மூடி ஒழுகாமல் மேலே வந்து சேர்ந்தால் பதினைந்து.

முதலில் வியட்நாம்காரர் கடை.
நூடுல்ஸில் குறையில்லை.
சாறுதான் இரண்டாம் மாடிப் படியில்
தன் வேலையைக் காட்டிவிட்டது.
வாரம் முழுக்க மீன் மணம்.
அங்கிருக்கும் வக்கீல்கள்
எங்களுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள்.

கெபாப். பூண்டு சாஸ் கொஞ்சம் தூக்கல்.
மூன்று மணிக் கூட்டத்தில்
மேலாளர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.
அதற்காகவே ரெமி ஐந்து மார்க் கூட்டிப் போட்டான்.

பீட்ஸாவின் சீஸ் மொத்தமும் அட்டை மூடியில்.
மூடியைச் சாப்பிட்டோம்.

ஜார்ஜியாக்காரரின் ரொட்டி படகு மாதிரி,
நடுவில் முட்டை மிதக்கும்.
பனி வழுக்கி
டிராம் நிறுத்தத்திலேயே படகு கவிழ்ந்தது.

பிறகு ஹால்ஷ்கா.
தபால் நிலையத்துக்குப் பின்னால், நாலு படி கீழே.
பெயர்ப்பலகை கிடையாது.
கரும்பலகையில் மூன்று பதார்த்தம் எழுதுவாள்,
ஒரு மணிக்குள் இரண்டை அழித்துவிடுவாள்.
பழுப்புக் காகிதப் பையில் பென்சிலால் பெயர்.

அன்று நான் மட்டும் போனேன்.
உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி.
கைக்கு வந்த பையோடு ஓடி வந்தேன்.
மேசையில் வைத்துப் பார்த்தால்
லுத்விக் என்றிருக்கிறது.

நான் சொன்னது பன்றிக்கறி வறுவல்,
வெண்ணெய் மசித்த உருளை, புளித்த முட்டைக்கோஸ்.
வந்தது பீட்ரூட் சூப்,
அவித்த கோழி, அவித்த காரட்,
தோல் சீவிய ஒரு ஆப்பிள்.
மூடியில் ஒட்டிய சீட்டில்:
"உப்பு போடவில்லை. மாத்திரையை மறக்காதீர்கள்."

இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.
சாப்பிட்டேன்.
உப்பு விலகி நின்றால்
பீட்ரூட்டில் மண் தெரிகிறது, மழைக்குப் பிந்திய மண்.
ஆப்பிளை யாரோ நிதானமாகச் சீவியிருந்தார்கள்,
ஓரிடத்திலும் கத்தி ஆழமாய் இறங்கவில்லை.
எத்தனை மார்க் என்றான் ரெமி.
பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பிடாதவருக்குக் கட்டம் எங்கே?

இரவு தூக்கம் வரவில்லை.
எங்கோ ஒரு லுத்விக்
என் கொழுப்பை, என் உப்பை,
கை நக்கித் தின்றுகொண்டிருக்கிறார், சீட்டு இல்லாமல்.
தினமும் நான் புரட்டும் கோப்புகள்
இப்படித்தான் தொடங்கும்:
"நண்பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, தவறுதலாக..."

மறுநாள் கடை திறக்குமுன் போய் நின்றேன்.
நேற்று அந்த லுத்விக், என்று இழுத்தேன்.
ஹால்ஷ்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.
"காலையிலேயே வந்தார்.
ஆறு வருடத்தில் முதல் தடவையாக
நன்றாயிருந்தது என்றார்.
இன்றும் அதையே போடு என்றார்.
மாட்டேன் என்றேன்.
கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்,
பசித்தால் வருவார்."

சிரித்தாளா, கவலைப்பட்டாளா,
ஆவியில் பிடிபடவில்லை.
"உனக்கு வறுவல்தானே?"

அவருக்குச் செய்வதில்
ஒரு ஆளுக்குக் கூடுதலாக இருந்தால், என்றேன்.
கரண்டி ஒரு கணம் நின்றது.
பென்சிலை எடுத்தாள், பெயர் கேட்டாள்.
வெளியே வருமுன்
கண்ணாடியைத் துடைத்துப் பையைச் சரிபார்த்தேன்.
என் பெயர்தான். ஒரு எழுத்துப் பிழையோடு.

நாலு மாடி ஏறிப் பிரித்தேன்.
சூப் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.
பதினைந்து, என்று கத்தினான் ரெமி.
மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.
சீட்டு இல்லை.
ஆப்பிள் இருந்தது,
தோலோடு.